காலைப் பிடிப்பதும் காலைப் பார்ப்பதும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில், மகளிர் அமர்வில் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "கர்ப்ப காலத்தில் ரிஃப்ளெக்ஸாலஜி". அழைப்பிதழில் அதற்குக் கீழே "மருந்தில்லா மருத்துவம்" என்று ஓர் அடைமொழியும் அச்சாகியிருக்கிறது. அது செயலாளர் அன்போடு போட்டது. 31 வருஷம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் நான். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு. மருந்தில்லாமல் மருத்துவம் என்று நான் சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்களே சிரிப்பார்கள். ஆனால் 2019-ல் ஓய்வு பெற்று ராயகிரிக்கு வந்த பிறகு, சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து இந்தப் பாத அழுத்த முறையைக் கற்றுக்கொண்டேன். ஆகவே ஊசி பிடித்த கையும் இதுதான், கால் பிடிக்கிற கையும் இதுதான்.

ராயகிரி எங்கே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சிவகிரிக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி. படிக்கிற காலத்தில் திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் வட்டம் என்று முகவரி எழுதினோம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்துவிட்டோம். மேற்கே மலை, சுற்றிலும் வயல். பெண்களுக்கு நாற்று நட, களை எடுக்க, பீடி சுற்ற, தறியில் உட்கார என்று ஏதாவது ஒரு வேலை. ஒன்று நாள் முழுக்கக் குனிந்து நிற்பது, இல்லையென்றால் நாள் முழுக்கக் காலை மடக்கி உட்காருவது. கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றாள் என்று ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போய்க் கும்பிட்டு வருகிறோம். நம் பெண்கள் இரண்டு காலில் நிற்கிற தவத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏழு மாதம், எட்டு மாதம் என்று வயிறு வந்த பிறகும் அதே வேலைதான்.

முதலில் அந்தக் காலைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். கர்ப்பம் தரித்த பெண்ணின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. கர்ப்பப்பை பெரிதாகி, காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்புகிற பெரிய ரத்தக் குழாயை அழுத்துகிறது. மேலே போகவேண்டியது கீழே தங்குகிறது. சாயந்தரம் ஆனால் கணுக்கால் தெரியாமல் மெத்தென்று ஆகிவிடும். "கால்ல நீர் கோத்திருக்கு" என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். அதோடு மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்களும் தளர்ந்து கொடுக்கின்றன. பாதத்தின் வளைவு இறங்குகிறது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தார் 49 பெண்களை அளந்து பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பாதி பேருக்கு மேல் பாதம் நீண்டிருந்தது, பிரசவம் ஆகி மாதங்கள் கழித்தும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். கல்யாணச் செருப்பு முதல் பிள்ளைக்குப் பிறகு சேரவில்லை என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! உடம்பு பெருத்துவிட்டது என்று மாமியார் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம். பாதம் நிஜமாகவே வளர்ந்திருக்கிறது.

இப்படி பாரம் சுமக்கிற காலை யாராவது பத்து நிமிஷம் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும் என்பதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். ரிஃப்ளெக்ஸாலஜி இதற்கு மேல் ஒரு படி போகிறது. பாதம் என்பது உடம்பின் வரைபடம் என்கிறது. கட்டைவிரல் தலை, விரலுக்குக் கீழே உள்ள மேடு நெஞ்சு, உள்பக்க வளைவின் ஓரம் முதுகெலும்பு, உள்பக்கக் கணுவுக்குக் கீழே கர்ப்பப்பை. அந்தந்த இடத்தை அழுத்தினால் அந்தந்த உறுப்பு சீராகும் என்பது கொள்கை. ஐயாயிரம் வருஷத்துப் பழைய கலை என்று விளம்பரங்களில் போடுவார்கள். இன்று நாம் பார்க்கிற படத்துக்கு வயது நூறைச் சுற்றித்தான். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஓர் அமெரிக்க டாக்டர், காது மூக்கு தொண்டை நிபுணர். உடம்பைத் தலை முதல் கால் வரை பத்துப் பட்டைகளாகப் பிரித்து 1917-ல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார். பிறகு 1930-களில் யூனிஸ் இங்கம் என்ற பிசியோதெரபிஸ்ட் அம்மையார் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய புத்தகம் 1938-ல் வந்தது.

இந்த வரைபடம் உண்மையா? விலங்கியல் படித்தவர்கள் முன்னால் நிற்கிறேன், மழுப்ப முடியாது. பாதத்தின் ஒரு புள்ளியிலிருந்து கர்ப்பப்பைக்கோ கல்லீரலுக்கோ தனியாக ஒரு வழி போவதாக உடற்கூற்றில் யாரும் காட்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியின் படமும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. 2009-ல் எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 18 ஆய்வுகளை எடுத்து அலசி, எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்று நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை என்று எழுதினார். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க நர்ஸம்மா, அப்படித்தான் கேப்பீங்க" என்று சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

அப்படியானால் ஏன் இதைச் செய்கிறேன் என்று கேட்பீர்கள். நம் தலைப்புக்கு நேராக வருகிற ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்தது, 2003-ல் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கால் வீங்கிய 55 பெண்கள். அவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிணநீரை மேலே தள்ளுகிற மாதிரியான ரிஃப்ளெக்ஸாலஜி, ஒரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்துகிற சாதாரண ரிஃப்ளெக்ஸாலஜி, மூன்றாவது பிரிவுக்குச் சும்மா ஓய்வு. முன்னும் பின்னும் கணுக்காலையும் பாதத்தையும் நாடாவால் அளந்தார்கள். மூன்று பிரிவுக்கும் அளவில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை! ஆனால் வலி, அசதி, அசௌகரியம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது மூன்று பிரிவினருமே குறைந்தது என்றார்கள். அதிகம் விரும்பப்பட்டது நிணநீர் முறை.

இந்த முடிவை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். ஓய்வு எடுத்தவளுக்கும் சுகம் கிடைத்தது. அதாவது காலை நீட்டி ஒருத்தி உட்கார முடிந்தாலே பாதி வேலை முடிந்தது. நம் வீடுகளில் வயிற்றுப் பிள்ளைக்காரி சும்மா காலை நீட்டி உட்கார்ந்தால் யார் விடுவார்கள்? "ஒரு வேலையுமில்லாம உக்காந்திருக்கா" என்பார்கள். ஆனால் "நர்ஸம்மா கால் பிடிச்சு விடுதாங்க, சிகிச்சை நடக்கு" என்று சொன்னால் அந்த வீடே அரைமணி நேரம் அவளைத் தொந்தரவு செய்யாது. சிகிச்சை என்ற பெயரில் ஓய்வு கிடைக்கிறது. எனக்கு அது போதும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நம் பக்கத்தில் கால் என்பது மரியாதை சம்பந்தப்பட்டது. சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொடலாம், பெரியவர்கள் சின்னவர்கள் காலைத் தொடக்கூடாது. "காலைப் பிடித்தான்" என்றால் கெஞ்சினான் என்று அர்த்தம். மருமகள் மாமியாருக்குக் கால் பிடித்துவிடுவாள், அது வழக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாமியாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்ததும் மருமகள் காலைப் படக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஐயோ அத்தை, நீங்க எங்காலைத் தொடலாமா? பாவம் வந்து சேரும்." அந்த அம்மா விடவில்லை. "உங்காலை யாரு பிடிக்கா? வயித்துல இருக்க எம்பேரனைச் சொமக்குற காலைல்லா பிடிக்கேன், நீட்டுட்டீ" என்றார். பேரன் என்று எப்படி முடிவு செய்தார் என்று நான் கேட்டேன். பிறந்தது பேத்தி. அது வேறு கதை.

கணவன்மார்கள் பாடுதான் கஷ்டம். "பொண்டாட்டி காலைப் பிடிக்கான்னு ஊரு சிரிக்கும்க்கா" என்று ஒரு தம்பி சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு பிடி என்றேன். இப்போது அவரே நல்லெண்ணெய் எது, தேங்காய் எண்ணெய் எது நல்லது என்று சந்தேகம் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதான். பாதத்துக்கு வழவழப்பு வேண்டும், அவ்வளவே.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இந்தத் தலைப்பையே ஒத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவுக்கு முதல் பேறுகாலத்துக்காக ஒரு பெண் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, 34-வது வாரம். வாரம் இரண்டு நாள் நான் போய்க் கால் பிடித்துவிடுவேன். மூன்றாவது வாரம் போனபோது அவள் அம்மா வாசலிலேயே சொன்னார்: "நேத்து தலைக்கு ஊத்துனது சேரலை போலிருக்கும்மா, தலைவலிங்கா. மூஞ்சி கொஞ்சம் ஊதுன மாதிரி இருக்கு. பிள்ளைத்தாச்சி பூசுனாப்லதான இருப்பா." நான் காலை எடுத்து மடியில் வைத்தேன். போன வாரம் சுழன்று வந்த மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. கை விரலும் தடித்திருந்தது. வளைகாப்பு வளையல் மணிக்கட்டில் நகரவில்லை. அது காலை பத்து மணி. ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த கால் காலையில் வடிந்திருக்க வேண்டும்.

எண்ணெயைத் தொடாமல் பையிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்தேன். 160-க்கு 110. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்தேன். குறையவில்லை. அம்மா கேட்டார், "கால் பிடிச்சா இறங்கிராதாம்மா?" 108-க்குப் போன் செய்தோம். முதலில் சங்கரன்கோவில், அங்கிருந்து திருநெல்வேலி. போகும் முன்பே மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். அன்றிரவு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தது. இப்போது எங்கள் தெருவில் கோழி விரட்டிக்கொண்டு ஓடுகிறது.

இதற்கு ப்ரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். 20 வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தொட்டுவிட்டாலே டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். சிறுநீரில் புரதம் போகலாம், ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கலாம், முற்றினால் வலிப்பு வரும். ஜன்னி கண்டு செத்தாள் என்று நம் பாட்டிமார் சொன்ன பிரசவ மரணங்களில் எத்தனையோ இதுவாக இருந்திருக்கும். நான் சொன்ன அந்த ஊசி சாதாரணமானது, விலை குறைந்தது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதிக்குப் பாதி குறைக்கிறது. ஆனால் ஊசி போடுகிற இடத்துக்கு அவள் போய்ச்சேர வேண்டுமே! கால் வீக்கம் என்றால் "எல்லாருக்கும் வர்றதுதான்" என்று பார்லித் தண்ணி கொடுத்துப் படுக்க வைத்திருந்தால்? அல்லது என்னைப் போல ஒருத்தி வரைபடத்தை விரித்து, சிறுநீரகப் புள்ளியை அழுத்துகிறேன், நீர் இறங்கிவிடும் என்று நாலு நாள் ஓட்டியிருந்தால்?

சாதாரண வீக்கம் சாயந்தரம் ஏறும், காலையில் இறங்கும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும். முகமும் கையும் திடீரென்று வீங்கினால், விடாத தலைவலி வந்தால், கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரியோ மங்கலாகவோ தெரிந்தால், மேல் வயிற்றில் வலது பக்கம் வலித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீக்கமே இல்லாமலும் இது வரும், அதனால் செக்கப்புக்குப் போகிற ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா, எவ்வளவு என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாக வலித்தால் அங்கே கை வைக்கவே கூடாது. ரத்தம் கட்டியாகியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது இடது காலில்தான் அதிகம் வரும். தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். இதை ரிஃப்ளெக்ஸாலஜி வகுப்பில் கடைசி நாளில் அரைமணி நேரம் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, எப்படிப் பிடிப்பது? அவளை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ஆறு ஏழு மாதத்துக்கு மேல் அது ஆகாது. முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்காரட்டும், இல்லை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். எண்ணெயைக் கை சூட்டில் வைத்துத் தடவி, விரலிலிருந்து கணுக்கால், கணுக்காலிலிருந்து மேலே என்று உள்ளங்கையால் மெதுவாக ஏற்றிவிடுங்கள். கட்டைவிரலால் குத்தக்கூடாது. பாதத்தின் நடுவில் சின்ன வட்டமாக அழுத்தலாம். ஒரு காலுக்கு ஏழெட்டு நிமிஷம் போதும். "வலிச்சாத்தான் நோவு இறங்கும்" என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். நரம்பு சுருண்டு நீலமாக இருக்கிற இடத்தையும் புண்ணையும் விட்டுவிடுங்கள். முடிந்ததும் துணியால் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் அவளை எழுப்ப வேண்டும். நம் வீட்டுச் சிமெண்டுத் தரையிலும் டைல்ஸ் தரையிலும் எண்ணெய்க் காலோடு நடந்து விழுந்து வந்த கர்ப்பிணிகளை வார்டில் பார்த்திருக்கிறேன். புள்ளியைத் தப்பாக அழுத்தி வந்தவர் யாரையும் பார்த்ததில்லை.

அந்தப் புள்ளி விவகாரம் எப்போதும் கேட்பார்கள். உள்பக்கக் கணுவுக்கு மேலே நாலு விரல்கடை தள்ளி ஓர் இடம் உண்டு, அதை அழுத்தினால் வலி கண்டுவிடும், பிள்ளை கலைந்துவிடும் என்று சீன மருத்துவத்தில் கர்ப்பிணிகளுக்கு விலக்குவார்கள். தேதி தாண்டிய பெண்களுக்கு வலி வரவைக்க வேண்டுமென்றே அழுத்திப் பார்த்த ஆய்வுகளிலேயே தெளிவான பலன் தெரியவில்லை. ஆனாலும் நான் அந்த இடத்தை அழுத்துவதில்லை. முதல் மூன்று மாதமும் யாருக்கும் நான் செய்வதில்லை. பயத்தால் அல்ல, பத்துக் கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இயற்கையாகவே முதல் மாதங்களில் கலைகிறது. அப்படிக் கலைந்தால் அந்தப் பெண் ஆயுசு முழுக்க "கால் பிடிச்சதாலயோ" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பிரசவ வலியின்போது? அங்கேயும் கை உதவும். மசாஜ், ரிஃப்ளெக்ஸாலஜி பற்றிய ஆய்வுகளை 2018-ல் காக்ரேன் குழுவினர் தொகுத்தபோது, மசாஜ் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், சான்று வலுவானதல்ல என்றார்கள். கூட ஒரு ஆள் தொடர்ந்து இருப்பதன் பலன் அதைவிடத் தெளிவாக இருக்கிறது. 26 ஆய்வுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதல். நம் தமிழ்நாட்டில் 2004-லிருந்து அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு இருக்க அனுமதி உண்டு. அதற்கு முன்னால் அம்மா வெளியே மரத்தடியில், மகள் உள்ளே தனியாக. அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு செவிலியர் எத்தனை பேர் குறுக்கைத்தான் நீவிவிட முடியும்! இப்போது அம்மாவோ அத்தையோ உள்ளே வந்தால் நான் முதலில் சொல்வது, "சும்மா நின்னு அழாதீக, அவ காலைப் பிடிங்க" என்பதுதான்.

கேள்வி எழுதிக் கொடுத்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. உப்பில்லாமல் சோறு போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், வழக்கமான உப்பு இருக்கட்டும். அப்பளம் ஊறுகாயை மட்டும் குறைத்தால் போதும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கால்சியம் மாத்திரையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள், ரத்த அழுத்தப் பிரச்சினையைக் குறைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. காசு கொடுத்து ரிஃப்ளெக்ஸாலஜி நிலையத்துக்குப் போகலாமா என்று இன்னொருவர். போகலாம், ஆனால் உள்ளே போனதும் அவர்கள் உங்கள் வாரக் கணக்கையும் ரத்த அழுத்தத்தையும் கேட்காமல் காலைத் தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரத்த அழுத்தக் கருவியும் ஒரு சின்னக் கிண்ணம் எண்ணெயும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய விலங்கியல் ஆய்வகத்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். பின்வரிசையில் மூன்று பிள்ளைத்தாய்ச்சிகள் இருப்பதைப் பேசும்போதே பார்த்துவிட்டேன். அவர்கள் அவ்வளவு தூரம் நடந்து வந்து வரிசையில் நிற்க வேண்டாம். உட்கார்ந்த இடத்துக்கே நான் வருகிறேன்.